கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்

நேற்று ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். கடைக்காரர் புது மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு வாயைப் பிரித்தார். பழைய புழுங்கலரிசியும் சாக்கும் சேர்ந்து ஒரு மக்கின வாசனை வருமே, அது வந்தது. பின்னால் நின்ற அம்மாள் மூக்கைச் சுளித்தாள். எனக்கு உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது. அரிசி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மனைவி ஏசினாள். காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உம்மிடம் சொல்லலாம் என்று பேனாவை எடுத்திருக்கிறேன். நீர் போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது என்பது எனக்கும் தெரியும்.

தொண்ணூறுகளில் சேரன்மகாதேவியில் எங்கள் பத்திரிகைக்கு நீர்தான் ஏஜென்ட், பகுதிநேர நிருபரும் நீர்தான். காலையில் சைக்கிளில் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பேப்பர் போடுவீர். பகலில் செய்தி சேகரித்து, மத்தியானம் அதைக் கவரில் போட்டு டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவீர். நான் திருநெல்வேலி ஆபீசில் மாவட்டப் பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியன். வேலைக்கு வருகிற வழியில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கவரை வாங்கிக்கொண்டு வருவேன். மேலே ‘செய்தி, அவசரம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே பார்த்தால் கோயில் கொடை விழா, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, மாடு முட்டி ஒருவர் காயம். உமக்கு எல்லாமே அவசரம்தான்.

மற்ற ஊர் நிருபர்களிடம் இல்லாத ஒரு வழக்கம் உம்மிடம் இருந்தது. செய்தியை எழுதி முடித்ததும் ஸ்கேல் வைத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு போடுவீர். கோட்டுக்குக் கீழே, இதைச் சொன்னது யார், எங்கே வைத்துச் சொன்னார், வேறு யாரிடம் கேட்டால் உறுதிப்படும் என்று எழுதியிருப்பீர். “மேல இருக்கது ஊருக்குவே. கீழ இருக்கது உமக்கு. நாளைக்கு எவனாவது சண்டைக்கு வந்தாம்னா நீரு முழிக்கக் கூடாதுல்லா” என்பீர். கவரைப் பிரித்ததும் நான் செய்கிற முதல் வேலை, கத்தரிக்கோலால் கோட்டோடு வெட்டிக் கீழ்த்துண்டை என் டிராயரில் போட்டுப் பூட்டுவது. மேல்துண்டு மட்டும் கம்ப்யூட்டர் அறைக்குப் போகும். ஆபீசில் வேறு யாருக்கும் இந்த ஏற்பாடு தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நாம் இருவரும் நினைத்தோம்.

அதற்காக நீர் அனுப்பியதெல்லாம் அச்சேறிவிட்டதா என்ன? ஆற்று மணலோ, சாராயமோ, யாராவது ஒரு பெரிய மனிதரைத் தொடுகிற செய்தி என்றால் செய்தி ஆசிரியர் வாங்கிப் படிப்பார். “மேலே கேட்டுச் சொல்லுதேன்” என்பார். அத்தோடு சரி. “மேலன்னா எங்கனவே? நம்ம ஆபீசுக்கு மாடியே கிடையாதே” என்று நீர் கேட்டபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொங்கல் வந்தால் அதே பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் வாழ்த்து விளம்பரம் கேட்டு நீர்தான் போய் நிற்க வேண்டும். எழுதவும் வேண்டும், கையேந்தவும் வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் பற்றி யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அந்த அரிசிச் செய்தி வந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நீர் பேப்பர் போடுகிற ஊர்களில் ஒன்று, வாய்க்கால் கரையில் இருக்கிறது, அவ்வளவு போதும். அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவு அரிசி சாயங்காலமானால் வண்டியேறி ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல மூட்டை அங்கே போய்விடும், மிஞ்சுகிற மக்கின அரிசியில் பிள்ளைகளுக்கு அரைத்தட்டுச் சோறு. இதை உம்மிடம் சொன்னவள் அங்கே சமைக்கிற ஆயா. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தன் பெயர் வருமா என்று உம்மிடம் மூன்று தடவை கேட்டாளாம். மூன்று தடவையும் வராது என்று சொல்லியிருக்கிறீர். நான் நம்ப வேண்டும் என்பதற்காக அந்த மக்கின அரிசியில் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக் கவருக்குள் வைத்திருந்தீர். அந்த வாசனையை நான் முதலில் அறிந்தது அப்போதுதான்.

அன்றைக்குச் செய்தி ஆசிரியர் விடுப்பு. அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இன்றைக்கு விட்டால் இந்தச் செய்தி என்றைக்கும் வராது என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்காமல் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சந்தோஷத்தில் கை பரபரத்தது. பொட்டலத்தைப் பிரித்ததில் மேஜையெல்லாம் அரிசி சிதறிவிட்டது. அதைக் கூட்டி அள்ளிக்கொண்டே தலைப்பு யோசித்தேன். மூன்று தலைப்பு எழுதி இரண்டை அடித்தேன். கத்தரிக்கோலை எடுக்க மறந்துவிட்டேன்.

தாள் முழுசாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனது. அங்கே இருந்தது புதிதாகச் சேர்ந்த பெண். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி டைப் அடித்தாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இன்னார் இதைத் தெரிவித்தார் என்று ஆயாவின் பெயரும் அவள் குடியிருந்த தெருவும் கடைசி வரியாகச் சேர்ந்துவிட்டன. சாயங்காலம் புரூஃப் என் கைக்கு வந்தது. தலைப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். அழகாக விழுந்திருந்தது. அதற்குமேல் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் நீர் பேப்பர் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர். அந்த ஊருக்கு உரிய பேப்பர்களை மட்டும் தனியே எடுத்து வீட்டில் வைத்துப் பூட்டினீர். அந்த ஊர் டீக்கடையில் கேட்டவர்களிடம் வேன் வரவில்லை என்று பொய் சொன்னீர். செய்தியைப் போடவில்லையே என்று என்னோடு வருஷக்கணக்கில் சண்டை பிடித்த மனுஷன், போட்ட செய்தி ஊருக்குள் நுழையாமல் இருக்க ஓடியாடினீர். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னீர். “வராதுன்னுதான அண்ணாச்சி சொன்னீய” என்றாளாம்.

நீர் பூட்டி வைத்து என்ன பிரயோஜனம். திருநெல்வேலியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் வாத்தியார் ஒருவர் ஜங்ஷனில் பேப்பர் வாங்கிப் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். மணி ஒன்பதுக்கு அது பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறி முடிக்கும் வரை விட்டுவைத்தார்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், நாளை முதல் வர வேண்டாம் என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று மணி பஸ்ஸில் நீர் ஆபீசுக்கு வந்தீர். அந்தப் பெரிய மனிதர் அதற்குள் போன் போட்டிருந்தார். செய்தி ஆசிரியர் உம்மை நிற்க வைத்துப் பேசினார். பூட்டி வைத்த பேப்பர் விஷயமும் அவர் காதுக்கு வந்திருந்தது. பத்திரிகையை ஒளித்து வைக்கிற ஏஜென்ட் நமக்கு எதற்கு என்றார். ஆயா பெயரை எழுதியது யார் என்று கேட்டார். “எழுதுனது நாந்தான் சார்” என்றீர். அதில் பொய் இல்லை. பிறகு என் பக்கம் ஒரு தடவை பார்த்தீர். நான் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர். அந்தத் தாள் கம்ப்யூட்டர் அறையில் பழைய தாள்களைக் குத்தி வைக்கும் கம்பியில்தான் இருந்தது. எடுத்து வந்து காட்டியிருந்தால் கோடும் தெரிந்திருக்கும், வெட்ட மறந்தது நான் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் கேட்காமல் செய்தி போட்டதற்கே என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. மூத்த பையனை அந்த வருஷம்தான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். நான் எதையோ திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏஜென்சி அன்றைக்கே போயிற்று, நிருபர் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். மறுப்புப் போடப்போகிறோம் என்று செய்தி ஆசிரியர் சொன்னபோதுதான் நீர் பதறினீர். “அது மட்டும் வேண்டாம் சார். மறுப்பு போட்டா அவ பொய்க்காரி ஆயிருவா” என்று கெஞ்சினீர். கேட்கவில்லை. மறுப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. செய்தியில் கண்டவை உறுதி செய்யப்படாதவை, வெளியிட்டதற்கு வருந்துகிறோம். நாலு வரி. அதை மட்டும் மூன்று தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. பின்னால் அந்த ஆயா மனுக் கொடுத்து விசாரிக்க வந்த அதிகாரி, பத்திரிகையே வருத்தம் தெரிவித்துவிட்டதே என்று அந்த நாலு வரியை வெட்டி ஃபைலில் ஒட்டி விசாரணையை முடித்தாராம். அரிசி வண்டி எப்போதும்போல ஓடியது. அவள் பீடி சுற்றப் போனாள்.

ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் நீர் என்னைத் திட்டியிருக்கலாம். உமது டீ ஆறிப்போய்க் கிடந்தது. “உம்மை நான் ஒண்ணும் சொல்லலவே. பயம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஒருநாள் எங்கூட வந்து அவகிட்ட நடந்ததச் சொல்லும். நாந்தான் காட்டிக் குடுத்தேன்னு நினைக்கா” என்றீர். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு மாமனார் வீட்டு விசேஷம். அடுத்த ஞாயிறு பையனுக்குக் காய்ச்சல். மூன்றாவது ஞாயிறுக்குக் காரணம் எதுவும் இல்லை. சும்மா வீட்டில் படுத்துக் கிடந்தேன். நீர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

தொண்ணூறுகள் முடிவதற்குள் நீர் நெஞ்சுவலியில் போய்விட்டீர். துட்டி வீட்டுக்கு வந்திருந்தேன். உம்மை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பந்தல் ஓரத்துக் குழாயடியில் ஒருத்தி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள்தான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இதைவிட்டால் வேறு சமயம் வராது என்று கிட்டத்தில் போனேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, “இவரை உங்களுக்குப் பழக்கமாம்மா?” என்று கேட்டேன்.

“பழக்கம் இல்லாம என்ன. எம் பேரு பேப்பர்ல வந்துதான எம் பொழப்பு போச்சு” என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். “மொதல்ல அவுக மேலதான் வருத்தம். பொறவு ஒருநா வந்து, ஆபீசுல ஒருத்தருக்குக் கை தவறிட்டுன்னு சொன்னாவ. யாருன்னு கேட்டேன். அவரும் பிள்ளகுட்டிக்காரரு, பேரு மட்டும் கேக்காத தாயின்னுட்டாவ. நானும் கேக்கல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?”

சிநேகிதன் என்றேன். பாளையங்கோட்டையிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தேடிப் போனாள்.

இப்போது அவள் நாங்குநேரியில் மூத்த மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீர் யாரிடமும் சொல்லாமல் காத்த என் பெயரை நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லி அவளுடைய வேலை திரும்பி வரப்போவதில்லை, உமது அட்டையும் வரப்போவதில்லை. அது தெரிந்தும் சொல்லத்தான் வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். வேலையும் முடிந்து பென்ஷனும் வந்துவிட்டது, இனி யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை நாங்குநேரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவையும் பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன்.