எதிர் இருக்கையின் கோப்பி

அன்பு மகள் சியோக் ஹூனுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கனடாப் பனியில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் அப்பன் குப்பை போட்டுப் பிடிபட்டுவிட்டான். அம்மா போனபிறகு ஞாயிறு காலையில் நாம் இருவரும் உட்காருவோமே, உணவங்காடியில் அதே மேசைதான். நீ போன நாலு வருடமாக எதிர் இருக்கையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பி வாங்குகிறேன். குடித்து முடித்ததும் என் தட்டை எச்சில் தட்டு அடுக்கில் கொண்டுபோய் வைப்பேன், உன் கோப்பையை எடுக்க மட்டும் கை வராது. மேசையில் எதை விட்டுப் போனாலும் இப்போது குப்பைதான், அபராதம் உண்டு என்று தூணுக்குத் தூண் ஒட்டியிருக்கிறார்கள். தெரிந்தேதான் விட்டேன்.

போன வாரம் ரஹாயு என்று ஒரு சின்னப் பெண், அபராதம் எழுதும் அதிகாரி, வழிமறித்து, அங்கிள், இந்தக் கோப்பை யாரோடது, அப்படியே விட்டுட்டுப் போறீங்களே என்றாள். என் மகளுடையது, கழிவறைக்குப் போயிருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். சரி, அக்கா வரட்டும், அவங்ககிட்டயே சொல்றேன் என்று நின்றுவிட்டாள். வசமாக மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் இருவரும் கழிவறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்தில் நானும் நிஜமாகவே உன்னை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கோப்பிக் கடை ஆ லியன்தான், ஏம்மா, அவரு மக கனடாவுல இருக்கா, நீ வருஷம் பூரா நின்னாலும் வரமாட்டா என்று கத்தி என் மானத்தை வாங்கினாள். ரஹாயு சிரிக்கவில்லை. முதல் தடவை, எச்சரிக்கை மட்டும் எழுதுறேன், அடுத்த வாட்டி அபராதம்தான் அங்கிள் என்றாள். எழுதிக்கொண்டே, வீட்டுல எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்று சொல்லிவிட்டு, ஒன்று என்று திருத்தினேன்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, குடும்பம் கூடும் விருந்துக்கு வருகிறாயா? மூன்று வருடமாகப் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறாய். வர முடியாது என்றால் அதையே சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். தட்டோடு நின்றுகொண்டு இடம் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, எதிர் இருக்கையில் வைக்கும் அந்த டிஷ்யூ பொட்டலத்தை நான் எடுத்துவிட வேண்டும். நேற்று இரண்டு கோப்பைகளையும் நானே கொண்டுபோய் வைத்தேன். உன்னுடையது நிறைந்திருந்ததால் தட்டு கனத்தது.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. காதை மூடாமல் வெளியே போகாதே. பதிலை மட்டும் மறக்காதே.

உன் அப்பா,
கோ பூன் செங்