மலைப் பாதைக்கு வண்டி பார்த்த பதினஞ்சு நாள்

4 மார்ச் 1984, ஞாயிறு
காலையிலேயே வெயில். துணி ஊற வச்சது அப்படியே கிடக்க, வீட்டுக்காரரும் நானும் சேந்தமங்கலத்துல இருந்து எட்டரை பஸ்ஸுல நாமக்கல். மெக்கானிக் சுப்பராயன் பட்டறை. எனக்கு முதல் வண்டி. மலை மேலே ஊர் ஊரா நர்ஸ் வேலைக்குப் போறதுக்கு.

பார்த்தது மூணு:
மொபெட் – லேசு. ஏறலைன்னா உருட்டிட்டுப் போகலாம். ஆனா ஏத்தத்துல மூச்சு வாங்குது. கியர் கிடையாது, இறக்கத்துல வெறும் பிரேக்கை நம்பணும்.
ஸ்கூட்டர் – சக்கரம் சின்னது. வயிறு தரையோட இருக்கு. மலையில முதல் கல்லுலயே இடிக்கும்.
175 மோட்டார் சைக்கிள், பழசு – சக்கரம் பெரிசு, இழுவை நல்லா. ஆனா கனம்.

அவர் ஒவ்வொண்ணுக்கும் கீழே குனிஞ்சு, தரைக்கும் இஞ்சினுக்கும் எத்தனை விரக்கடைன்னு அளந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லையா, எதையும் அளக்காம விடமாட்டார். சுப்பராயன் சிரிச்சார். "ஏனுங்க சார், அம்மிணிக்கு வண்டியா, பொண்ணு பாக்கறீங்களா?"
திரும்பறப்ப வீட்டுக்காரர் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார். சந்தோஷம்.

7 மார்ச், புதன்
மேலே மேகம், கீழே வெயில். மலை பஸ்ஸுல இறங்கி நடை. தடுப்பூசிப் பெட்டி தோளை அறுத்துருச்சு. இன்னைக்கு ரெண்டு ஊர்தான் முடிஞ்சது, நாலு போயிருக்கணும்.

பொன்னாயி வீட்டு வழியா வந்தேன். வாசல்ல நெல் காய வச்சுட்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து மோர் கொடுத்தாள். தை மாசம் அவளுக்குப் பிரசவ வலின்னு ஆள் வந்து சொல்லி, நான் நடந்து போய்ச் சேர மூணு மணி நேரம். குழந்தை தங்கல. வண்டி இருந்திருந்தா முக்கா மணி. இதை யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்ட மட்டும் சொன்னேன். அன்னைக்கு என் கூட உக்காந்து அழுதார்.

பாதை: பாதி செம்மண், பாதி உருட்டுக்கல். ஒரு ஓடை, முழங்கால் அளவு.

11 மார்ச், ஞாயிறு
வறண்ட ஏரிக்குள்ள பழக்கம். சுப்பராயன் 175-ஐக் கொண்டுவந்து விட்டார். சேலைக்கு உள்ளே அவரோட பழைய பேண்ட். கிக்கர் ரெண்டு தடவை திருப்பி அடிச்சு கெண்டைக்கால் வீக்கம். கிளட்ச் பிடிபட்டுருச்சு. மூணாவது கியர் வரைக்கும் போட்டேன்! ஆடு மேய்க்கற பொம்பளை கைதட்டினாள்.

அவருக்கு 175 வேண்டாம். "மலையில உழுந்துதுன்னா உன்னால தூக்க முடியாது அம்மிணி. வண்டி அடியில காலு மாட்டிக்கும். அங்க யாரு வருவா?" சுப்பராயனும் ஆமாங்கன்னு தலையாட்டினார். மழைக்காலம் முடியட்டும், புது மாடல் ஏதோ வருதாம், பொறுத்துப் பாக்கலாம்னார் அவர். எழுதி வச்சுக்கிட்டேன்: 175 – தூக்க முடியாது. பட்டியல்ல அதையும் அடிச்சுட்டேன்.

எங்க ஸ்டாஃப்ல யாருக்கு இப்படி ஒரு வீட்டுக்காரர்?

14 மார்ச், புதன்
மாசக் கூட்டம், பெரிய ஆபீஸ். கிளார்க் அம்மா டீ குடிச்சுட்டே: "சரசு, உனக்கு மாறுதல் ஆயிருச்சு போல. மோகனூர் பக்கமாம். இனி பஸ்ஸு, மலை எதுவும் இல்ல."
"நான் கேக்கவே இல்லைங்களே."
"மனு கொடுத்திருக்கியே."

ஃபைலை எடுத்துக் காட்டினாங்க. 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது. மலைப் பணி என் உடல்நிலைக்கு ஒத்துவராததால்.' கரும்பலகையில எழுதற மாதிரி உருட்டி உருட்டி எழுத்து. கீழே என் பேர், என் கையெழுத்து மாதிரியே. தேதி மார்ச் 3. வண்டி பாக்கப் போனதுக்கு முந்தின நாள்.

ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். எப்படி பஸ் ஏறினேன்னு நெனப்பில்ல.

15 மார்ச், வியாழன்
காலையில அவர் ஷேவ் பண்ணிட்டிருக்கறப்பவே கேட்டேன். கத்தியைக் கீழே வச்சார்.
"ஆமா. நான்தான்."
"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமுங்க."
"சொன்னா நீ கேப்பியா? அந்தப் பொன்னாயி விசயத்துல இருந்து நீ சரியாத் தூங்கறதே இல்ல. மலை உன்னைக் கொன்னுரும். பொம்பளை மோட்டார் சைக்கிள்ல போனா ஊரு என்ன பேசும்னு வேற."
"அப்ப வண்டி பாக்க வந்தது எதுக்குங்க?"
கண்ணாடியைப் பாத்தே சொன்னார். "மாறுதல் வர்ற வரைக்கும் நீ சந்தோசமா இருக்கட்டுமேன்னு."

அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.
அவர் பாதி முகத்துல சோப்போட நின்னார். நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன். நேரத்துக்கு முன்னாடியே.

16 மார்ச், வெள்ளி
லீவு போட்டுட்டுப் பெரிய டாக்டர் அம்மாவைப் பாத்தேன். மனுவை எடுத்து வச்சாங்க.
"இது உன் கையெழுத்துதானே?"
ஆமான்னா மாறுதல். இல்லைன்னா கள்ளக் கையெழுத்துன்னு அவர் வேலைக்கு ஆபத்து. ரெண்டும் தெரிஞ்சுதான் போனேன்.
"இல்லைங்க."
"பின்ன யாருது?"
"ஊட்ல எழுதினதுங்க."
கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தாங்க. "புகார் எழுதித் தாரயா?"
"வேண்டாமுங்க. எனக்கு மாறுதல் வேண்டாம்னு மட்டும் எழுதித் தாரேன்."
எழுதினேன். அவங்க முன்னாலேயே மூணு தடவை கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இனிமே இதைப் பாத்துத்தான் எதையும் ஏத்துக்குவாங்களாம். பழைய மனுவைக் கிழிச்சுக் கூடையில போட்டாங்க.

வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொன்னேன், உங்க பேரைச் சொல்லலைன்னு. "நல்லவேளை"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

17 சனி
தலைவலி. ரெண்டு ஊர். ரசம் மட்டும் வச்சேன்.

18 மார்ச், ஞாயிறு
நான் மட்டும் நாமக்கல். "கூட வரட்டுமா"ன்னார். வேண்டாம்னேன்.

சுப்பராயன்கிட்ட 175-ஐக் கேட்டேன். கைத்துணியை மடிச்சு மடிச்சுப் பிரிச்சார். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. எந்த வண்டியக் கேட்டாலும் சரிப்படாதுன்னு சொல்லிருங்கன்னு சாரு முன்னாலயே வந்து சொல்லிட்டுப் போனாருங்க. குடும்ப விசயம், நான் என்ன பண்றது?"
நோட்டுல எழுதி வச்ச குறை எதுவும் இப்ப எனக்கு நிசமில்ல. எல்லாத்தையும் முதல்ல இருந்து பாக்கணும்.

"படுக்க வையுங்க"ன்னேன்.
"என்னதுங்க?"
"வண்டியைத் தரையில படுக்க வையுங்க. பெட்ரோலை மூடிட்டு."

முதல் தடவை ஹேண்டிலைப் பிடிச்சு இழுத்தேன், நகரல. ரெண்டாவது, அரை அடி எழும்பி விழுந்தது. ஃபுட்ரெஸ்ட் முழங்கால்ல குத்தி ரத்தம். சுப்பராயன் மனசு கேக்காம வந்து, "முதுகை சீட்டுல கொடுங்க அம்மிணி, காலால தள்ளுங்க, கையால இல்ல"ன்னார். கொடுத்தேன். தள்ளினேன். நின்னுருச்சு. மூணு தடவை திரும்பப் படுக்க வச்சு, மூணு தடவையும் தூக்கினேன்.

அதையே எடுத்துக்கிட்டேன். சேந்தமங்கலம் வரைக்கும் ரெண்டாவது கியர்லயே. லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டே பின்னால வந்தது, ஒதுங்கி வழி விட்டேன்.

சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். வண்டியைச் சுத்தி வந்து டேங்கைத் தொட்டுப் பாத்தார். "நல்ல வண்டி அம்மிணி. உனக்குச் சரியான வண்டி"ன்னார். முகம் சிரிச்ச மாதிரிதான் இருந்தது.

நெசமாச் சொல்றாரான்னு தெரியல. இனி எப்பவும் தெரியாது.