மோட்டார் ரூமில் தொங்கும் வலது கண்

மாப்பிள்ளை,

சூரிய சந்திரர் சாட்சியாக, எவனும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். அதற்குள் இருந்தவன் நீ. நீயே நம்ப மாட்டாய்.

காலையில் உன் காட்டுக்குப் போனேன். வற்றிய கிணற்று மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து உன் வலது கண் என்னை முறைத்தது. நீ லேமினேஷன் போட்டு மாட்டிய படம். சிவந்த வட்டம், அதன்மேல் கம்ப்யூட்டர் இழுத்த பச்சைக் கோடுகள். பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. உன் கண்ணுக்கு இன்னும் ஆள் இருக்கிறது.

நீ இருந்தபோது சர்க்கரை உன் கண்ணில் ஏறி உட்கார்ந்திருந்தது. மல்லிச் செடியைப் பிடுங்கிக் களையை வளர்த்தாய். மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் கரண்ட் கம்பத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதில் வரவில்லையென்று சண்டைக்குப் போனாய். ஆஸ்பத்திரி என்றால் மட்டும், "கண்ணைத் தோண்டிருவாய்ங்கலே, நான் வரல" என்றாய்.

தோண்டுவதென்றால் உனக்கு நிலம்தான். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் போர் போட்டாய். புழுதிதான் வந்தது. கூரையில் ஓட்டை விழுகிறதென்று பாதாள லோகத்தார் ஊர்வலம் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் என் தங்கை மகள் கவிதா ஒரு கண் முகாமோடு திருச்சுழிக்கு வந்தாள். கண்ணின் உள்பக்கத்தைப் பிடித்த போட்டோவில் ரத்தக்குழாய்களைத் தேடி வரைகிற புரோகிராம் அவள் எழுதுவது. தடித்த குழாயில் கிளம்பும். அடுத்த புள்ளியில் கருமை எந்தப் பக்கம் நீள்கிறதோ அங்கே காலை வைக்கும். கிளை பிரிந்தால் தானும் பிரியும். கோடு மங்கினால், சற்றுத் தள்ளி மறுபடி தலைகாட்டுகிறதா என்று எட்டிப் பார்க்கும். சந்தேகமான இடத்தை வட்டம் போட்டு டாக்டரிடம் காட்டும்.

கேட்டதுமே என் நாக்கில் சரஸ்வதி சம்மணம் போட்டாள்.

"மாப்ளே, நீரோட்டம் பாக்க மிஷின் வந்துருக்கு. பொழுதன்னிக்கும் ஒரே காட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா, அந்தக் காட்டு நீரோட்டம் கண்ணுக்குள்ள பதிஞ்சிருமாம். போட்டோ எடுத்தாத் தெரிஞ்சிரும்."

"நெசமாவாலே?"

"பொய்யின்னா எம் மீசை உதிர்ந்து போகட்டும்!"

மீசை நரைத்துவிட்டதென்று தீபாவளிக்கே மழித்திருந்தேன். உனக்கு அது தெரியவில்லை. வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு, அப்போதே உன் கையைப் பிடித்து முகாமுக்கு இழுத்துப் போனேன்.

கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுத்தார்கள். ஒரு பச்சைக் கோடு மட்டும் நெடுநெடுவென்று வடகிழக்கே போனது. படத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு, "ஈசான மூலைக்கு ஓடுதுலே!" என்று கூவினாய். டாக்டரம்மா பார்த்தது வேறு இடம். புரோகிராம் வட்டம் போட்டிருந்த மூலையில் வேர்ச் சிக்கல் மாதிரி ஒரு கொத்து. "இதெல்லாம் புதுசா முளைச்ச நோஞ்சான் குழாய். உடைஞ்சு ரத்தம் கசிஞ்சா பார்வை போயிரும். உடனே மதுரைக்கு வந்து லேசர் வச்சுக்கங்க" என்றார்.

"மொதல்ல போரு. அப்புறம் லேசரு."

"கூறுகெட்டவனே, கொழா ஒடைஞ்சா மேப்பு அழிஞ்சிரும்லே! மேப்பைக் காப்பாத்தத்தான் லேசரு!"

மறுநாளே மதுரை பஸ்ஸில் ஜன்னலோரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்தாய். லேசர் ஆயிற்று, பிறகு கண்ணில் ஊசியும் ஆயிற்று. கடைசி ஊசி போட்டுத் திரும்பிய அன்று கவிதா கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டது என் கிரகம்.

"மாமா, அந்த நீளக் கோடு ரத்தக்குழாயே இல்ல. கேமரா முன்னால விழுந்த கண்ணிமை முடி. புரோகிராம் ஏமாந்துருச்சு."

நான் ஒளிய இடம் தேடினேன். நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். "எவரு கையிலயோ நின்ன தேங்காயை நம்பி அத்தனை போட்டேன். எஞ் சொந்த முடியை நம்பி ஒண்ணு போட மாட்டனா?"

போட்டாய், ஈசான மூலையில். தண்ணீர் பீறிட்டதே, அப்பப்பா! மதுரையில் இறங்க வந்த விமானம் வைப்பர் போட்டது. காரியாபட்டிக்காரர்கள் குடை விரித்தார்கள். அருப்புக்கோட்டை பஸ்ஸைக் கண்டக்டர் துடுப்புப் போட்டுத் தள்ளினார்.

டீக்கடையில் இதை நான் அவிழ்க்கும்போதெல்லாம், "பெருசு, இதுல ஒரு சொட்டாவது நெசமா?" என்கிறார்கள்.

உனக்குத்தான் தெரியுமே, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. வழக்கம்போலப் புழுதிதான். எல்லாரும் துண்டால் முகத்தை மூடிக்கொள்ள, நீ மட்டும் திறந்த கண்ணோடு நின்றாய். "மொதல்ல வெள்ளையா வந்துச்சு. இப்ப நடுவுல செவப்பு கலந்து வருது பாருலே!" பிறகு என் பக்கம் திரும்பினாய். உற்றுப் பார்த்தாய்.

"ஏலே, ஒன் மீசை எங்க? உதிர்ந்து போச்சா?"

தினமும் கண்ணாடி முன்னால் நின்று மழிக்கும்போது அது காதில் விழுகிறது, மாப்பிள்ளை. நீ கேட்ட அந்தக் கேள்வி மட்டும் நிஜம்.