நான் எழுதாமல் விட்ட ரேம்ப்

சேலையூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், ஹாலும் ஒருவழியாகக் காய்ந்துவிட்டது, ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே ஒரே கவலை. தினம் வீடியோவில் பேசுகிறவர் எதற்குத் தாளில் எழுதி, அதை அம்மாவிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழைத்தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டும் உன் சாப்ட்வேரில் நம் தெருவையும் போட்டுப் பார்த்து, எவ்வளவு பெய்தாலும் வாசல்படி ஏறாது என்றாய். போன மாத மழையில் ஹாலுக்குள் முழங்கால் தண்ணீர். அன்றிலிருந்து உன் புரோகிராமில் வரி வரியாகத் தப்பைத் தேடுகிறாய். கிடைக்கவில்லை, இந்த வேலைக்கே எனக்குத் தகுதியில்லை, திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கிறேன் என்று நேற்று நீ அழுதபோது, டிவி சத்தத்தைக் குறைக்கிற மாதிரி நான் எழுந்து போய்விட்டேன். தப்பு உன்னுடையது இல்லை கண்ணு, என்னுடையது.

ஆகஸ்டில் அந்த சாப்ட்வேருக்காக நீ தெரு அளவு கேட்டாய் என்று கொத்தனார் துலுக்காணத்தைக் கூட்டிக்கொண்டு, கேம்ப் ரோடு முனையிலிருந்து தண்ணீர் நிரப்பிய டியூபில் மட்டம் பிடித்து, தெருவோரக் கால்வாய் அகலம் ஆழம் எல்லாம் எழுதினேன். நம் கேட்டுக்கு வந்ததும் "இத்த எழுதலியா சார்" என்றான். கார் ஏற்ற நான் போட்ட ரேம்ப். ஒன்றரை அடிக் கால்வாயை அடைத்து, பேருக்கு ஆறு அங்குலக் குழாய் விட்டு, மேலே கான்கிரீட். போன தடவை வந்தபோது எதிர்வீட்டு ரேம்பைப் பார்த்து, இப்படித்தான் தெருவையே முக்குகிறார்கள் என்று திட்டினாயே, நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நீ போன மூன்றாம் மாதம் கார் வந்தது, நானும் போட்டுவிட்டேன். உன்னிடம் திட்டு வாங்க வெட்கம், அவ்வளவுதான். எதிர்வீட்டு ரேம்பை அங்குலம் விடாமல் எழுதினேன், நம் வாசலில் மட்டும் கால்வாய் திறந்தே ஓடுகிறது என்று எழுதி அனுப்பினேன்.

பெண் அங்கே பட்டினி கிடக்கிறாள், நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று இன்று காலை அம்மா கேட்ட பிறகுதான் அவளிடமே சொன்னேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானமே துலுக்காணம் வந்து ரேம்பை இடித்துவிட்டான். குழாய்க்குள் பால் கவர், தேங்காய் மட்டை, காணாமல் போன என் செருப்பு ஒன்று. கார் தெருவில் நிற்கிறது, காக்காய்களுக்குக் கொண்டாட்டம்.

இடிக்கும் முன் அளந்த ரேம்ப் அளவெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. ராஜினாமாவை அனுப்பாதே. இந்தத் தாளை உன் மேனேஜரிடம் காட்டி, அப்பா பொய் அளவு கொடுத்தார் என்று சொல், எனக்கு அதில் கௌரவக் குறைவு இல்லை. நல்லா இரு, தலை நிமிர்ந்து இரு, முதலில் சாப்பிடு. பிறகு ரேம்பையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார். ஹால் சுவரில் தண்ணீர்க் கறை தரையிலிருந்து பதினேழு அங்குலம். கம்ப்யூட்டரிலும் நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது அப்பா என்று நீ போனில் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சம்பந்தம்