கண்மாய்க்கு அந்தப் பக்கத்து இருபது வீடுகள்

அருப்புக்கோட்டை,
ஞாயிறு

அன்பு மகள் கனகலட்சுமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், டெல்லிப் புகையில் உன் இருமல் எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை. இங்கே இரண்டு மழை பெய்து உளுந்து முளைத்துவிட்டது. அப்பா லோடு ஏற்றித் தூத்துக்குடி போயிருக்கிறார், அவர் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். போனில் சொல்ல என்னால் ஆகாது.

போன வாரம் உன் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னாய். பழைய பொருளாதார அறிஞர்கள் கூலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்களே, ஒரு கூலிக்காரர் வீட்டுக்காவது போய்க் கேட்டிருப்பார்களா என்று சிரித்தாய். இது எங்கம்மா வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய கணக்கெடுப்பு, அதை நம்பித்தான் பரளச்சிப் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை என்று எழுதுகிறேன் என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கனகா, ஏழு வருடம் முன்பு அந்தக் கணக்கெடுப்புக்கு நான் பரளச்சிக்குப் போனது உண்மை. கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கூலிக்கார வீடுகள் இருபதுக்கு மட்டும் போகவில்லை. வெயில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெயில் இல்லை. அங்கே தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும், அதை நம் சொந்தக்காரர் யாராவது பார்ப்பார்கள் என்ற பயம். அந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் நம் ராமசுப்பு மாமாதான், அங்கிட்டு எதுக்குத்தா போயிக்கிட்டு, எல்லாம் எங்காட்டுல வேலை பாக்குற ஆளுகதான, நான் சொல்றேன் எழுதிக்க என்றார். அவர் வீட்டு ஃபேனுக்கு அடியில் மோர் குடித்துக்கொண்டே இருபது படிவத்தையும் நிரப்பினேன். வருடத்தில் எத்தனை நாள் வேலை என்ற கட்டத்துக்கு, வருசம் பூரா வேலை குடுக்கமே, இருநூத்தம்பதுன்னு போடு என்றார். எல்லா வீட்டுக்கும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வருமே என்று இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது என்று மாற்றிப் போட்டது நான். அதை அவர் சொல்லித் தரவில்லை.

முந்தாநாள் அந்த வீடுகளுக்குத் தனியாகப் போனேன். மாயக்காள் என்பவர் வாசலில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எங்களுக்கும் சேத்து அவுகளே பேசிட்டாகளாக்கும், அப்படியே எங்க கஞ்சியவும் சேத்துக் குடிச்சிருக்கலாமுல்ல என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். களையெடுப்பு, அறுப்பு, நூறு நாள் வேலை என்று விரல்விட்டு எண்ணி இந்த வருடம் எழுபத்திரண்டு நாள் என்றார். ஏழு வருசத்துக்கு முந்தி உள்ளத இப்ப எப்படித்தா சொல்ல, நல்லா மழை பேஞ்ச வருசத்துலயும் நூறு தாண்டாது என்றார். அரை நாள் இருந்தும் எனக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இருபது வீட்டையும் உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு. மற்ற வீடுகளையும் நம்பலாமா என்று உன் பேராசிரியரிடம் கேள். ஏன் என்று கேட்டால், எழுதியவள் அங்கே போகவில்லை என்று சொல், அது என் அம்மா என்றும் சொல். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எப்போதும் என் வேண்டுதல். வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. பொங்கலுக்கு வரும்போது அந்த வீடுகளுக்கு நீயே போய்க் கேள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி.

உன் அம்மா,
தங்கலட்சுமி