கோழித்தாளில் ஒரு பாவாடை

போலோஞ்ஞா,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜினேவ்ராவுக்கு,

அம்மா ஒரு படத்தைத் திருடிவிட்டேன். உன் அத்தை வாண்டா தன் பங்குக்கு உப்பு, மிளகு சேர்த்து நீ இருக்கும் வெலிங்டன்வரை அனுப்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்றபடி இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனியாக நலமில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போய்வந்து நன்றாக இருக்க வேண்டும்.

குழந்தைப் புத்தகச் சந்தை வாரத்தில் ஊரே அறையை வாடகைக்கு விடுகிறது, உன் அறை மட்டும் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும் என்று இந்த முறை லித்துவேனியாப் பெண் ஒருத்திக்கு விட்டேன். பெயர் ரூத்தா. பழைய காகிதங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்கிறவள். வயது உன்னுடையதுதான், உடம்பு உன்னில் பாதி. நம் வீட்டுக்கு வந்த முதல் நாளே, சாப்பிடக்கூட எழுந்து வராமல் உன் மேசையில் உட்கார்ந்து ஒரு படம் ஒட்டி முடித்தாள். மறுநாள் எனக்கும் ஒரு நுழைவு அட்டை கொடுத்து, வந்து பாருங்கள் என்றாள். முப்பது வருடமாக இந்த ஊரில் அந்தச் சந்தையை வாகன நெரிசலாக மட்டுமே அறிந்தவள் நான். முயல் படமும் வாத்துப் படமும் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

வாசலிலேயே ஒரு நீளச் சுவர். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஓவியப் பிள்ளைகள் எல்லோரும் ஒட்டுநாடா உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கதவு திறந்ததும் ஓடிவந்து தங்கள் படங்களை அதில் ஒட்டுகிறார்கள். பதிப்பாளர்கள் பார்த்துக் கூப்பிட மாட்டார்களா என்ற ஏக்கம்தான். பேருந்துச் சீட்டுகளாலேயே ஒரு கிழவர் முகம், சிவப்பைத் தவிர வேறு நிறமே தொடாத ஓர் ஓநாய், உருளைக்கிழங்குச் சாக்கின் எழுத்துகளில் முளைத்த ஒரு நகரம். கால் வலிக்க நின்று பார்த்தேன், ஜினேவ்ரா. இவர்கள் எல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள், நான் எங்கே இருந்தேன் என்று ஆகிவிட்டது. கீழே கயிறு கட்டி அவரவர் முகவரி அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிடித்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கயிற்றில்தான் அவளைக் கண்டேன். காகிதத்தில் வெட்டி ஒட்டிய, மிதிவண்டி ஓட்டும் ஒரு குண்டுப் பெண். அவள் பாவாடை முழுக்க நீலத்தில் மஞ்சள் கோழி. அந்நாளில் நாம் நடத்திய பாஸ்தாக் கடையில் பொட்டலம் மடித்த தாள்! சனிக்கிழமை வரிசை, மாவு படிந்த கண்ணாடி, முக்காலியில் ஏறி நின்று கோழிகளைக் கத்தரித்து வாடிக்கையாளர் பொட்டலத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருந்த நீ, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இலவசம் என்றல்லவா நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். உன் அப்பா பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷம் என்றார். மாலையில் ரூத்தா அழுதுகொண்டே வந்தாள். “சுவர்ல இடமே இல்லைன்னு கயித்துல மாட்டினேன். ராத்திரி ஒட்டினது, நகல் எடுக்க நேரமில்ல, அசலையே மாட்டிட்டேன். போர்த்தோ ஊர்ப் பதிப்பாளர் அம்மா ஒருத்தங்க அதைப் பார்த்துட்டு நாளைக்குக் காலையில கொண்டுவான்னாங்க, திரும்பிப் பார்த்தா காணோம். மூணு வருஷமா வர்றேன், ஒருத்தர் கூப்பிட்டது இதான் முதல் தடவை” என்று விம்மினாள். நான் குளிர்பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். என் இடுப்பின் அகலம் வாழ்க்கையில் முதன்முறையாகப் பயன்பட்டது. உன் அப்பா சும்மா இருப்பாரா. “கோழிப் பாவாடைக்காரியா? அவ உங்கம்மாவுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருக்கா” என்றார், உன்னிடம் சொல்வது போலவே.

நான் நகர்ந்தேன். ரூத்தா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பூமி பிளக்கவில்லை, ஆகவே நான் பாய்ந்தேன்: “அது கிடக்கட்டும்மா, எங்க கடைத் தாள் உன் கைக்கு எப்படி வந்துச்சு?” அவள் முகம் தக்காளியானது. உன் அலமாரியின் கீழ் இழுப்பறையில் விரித்திருந்ததை உரித்தாளாம். “திருடிக்குத் திருடி சரியாப் போச்சு, உக்காருங்க, சூப்பு ஆறுது” என்றார் உன் அப்பா. மூவரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

மறுநாள் போர்த்தோ அம்மாள் படத்தை எடுத்துக்கொண்டாள், இதே தாளில் ஒரு முழுப் புத்தகமே வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். உன் அப்பா போனில் அவளிடம், முட்டைப் பாஸ்தா என்பதால் கோழி, அது தன் யோசனை என்று கதை அளந்தார். கடையின் பெயரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடப்போகிறார்களாம். மனிதர் இரண்டு நாளாகச் சீட்டியடித்துக்கொண்டே திரிகிறார். ரூத்தாவுக்குத் தாள் உரிக்க உன் இழுப்பறைகளை எல்லாம் காலி செய்துவிட்டேன், உன் நீச்சலுடையும் ஒற்றைக் காலுறைகளும் ஒரு பையில் இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதே. கத்தரிக்கோல் பிடித்த கை உனக்கும் இருந்தது. கணக்கு வேலைக்கு நடுவே எப்போதாவது எதையாவது வெட்டி ஒட்டு. நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக இரு, கண்ணே. பல் மருத்துவரை மறக்காதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா லொரெதானா

பின்குறிப்பு: இன்று காலை கடைசி இழுப்பறைத் தாளை உரித்தபோது மூலையில் கடைப் பெயர் முழுதாக இருந்தது. அது எதிர்வரிசைக் கோழிக்கறிக் கடையின் பெயர். நம் கடையில் எந்நாளும் வெறும் பழுப்புத் தாள்தான், நீ கத்தரித்து ஒட்டியது அவர்கள் கோழிகளை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.