சாப்பு இல்லாத கடிதம்

அக்கா,

மை காய்வதற்குள் தொட்டுவிட்டேன். என் கட்டைவிரல் ஊதாவாகிவிட்டது. ஈப்போவில், நமக்குப் பழக்கமான அந்த அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் பால் சேர்க்காத கோப்பி ஓ. பக்கத்தில் நான் கொடுத்த கடிதத்தின் நகல், அதன் தலையில் பெற்றுக்கொண்டதற்கான ரப்பர் முத்திரை. நம் வாயில் சாப்பு. விரலை மூக்கருகே கொண்டுபோனால், சாப்புக் காகிதங்களைச் சுமந்த உங்கள் கைப்பையின் வாசனை அடிக்கிறது. அந்தப் பையும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் மகள் கொடுத்தாள். பெண்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று லயத்து வீடெல்லாம் சிரிக்கிறது.

இன்று காலை நான் உள்ளே நுழைந்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. சரி, மூன்று பேர் எழுந்தார்கள். சரி, சரி, காவல்காரர் ஒருவர்தான். அவரும் தேத்தண்ணீர் வாங்கப் போவதற்காக எழுந்தார். நீங்கள் போய் ஒரு வருஷமாகியும், நான் கதையை ஏற்றினால் உங்கள் கை கண் முன்னே வந்துவிடுகிறது. அடுப்புத் தீயைத் தணிப்பது போல விரல்களைத் திருகுவீர்கள். "கொறைச்சிக்க தம்பி, கொறைச்சிக்க."

மாலை நான்கு மணிக்கு நம் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். புதிய சட்டமன்ற உறுப்பினர், அதாவது வைபி, அதிகாரிகளோடு வருகிறார். பாலத்தைப் பற்றி நான்தான் பேச வேண்டும். பயமாக இருக்கிறது. இந்த வாய் பயந்து நீங்கள் பார்த்ததே இல்லையே.

பாலம் அப்படியேதான் இருக்கிறது. ரப்பர்ப் பால் ஏற்றும் லோரிக்காகத் துரைமார் காலத்தில் போட்ட பலகைப் பாலம். தோட்டத்தை விற்றுவிட்டுக் கம்பெனி போய்விட்டது. பாலம் கம்பெனியுடையது என்கிறது அலுவலகம். அரசாங்கத்துடையது என்கிறது வாங்கிய கம்பெனி. ஆற்றுக்கு நம் பக்கம் இருபத்து மூன்று வீடுகள். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட வேன், எல்லாம் அந்தக் கரையோடு சரி.

முதல் கடிதத்தை நீங்கள் எழுதிய நாள் நினைவிருக்கிறது. நீங்கள் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நான் மூன்றாம் வகுப்பு வரை, வெளியில் சொல்லும்போது ஐந்து. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். கையுறைத் தொழிற்சாலையில் உங்களுக்குக் காலை ஷிஃப்டு. அதனால் என் மோட்டார் சைக்கிளை நம்பினீர்கள்.

"ரெண்டு காப்பி. ஒண்ணு அவங்களுக்கு. இன்னொண்ணுல சாப்பு போட்டு நம்மகிட்ட. சாப்பு இல்லாம வராத."

"அக்கா, நான் போனா பெரிய ஆபிசரே வந்து சாப்பு போடுவாரு லா!"

போனேன். கவுண்டரில் கூட்டம், நம்பர் சீட்டு. நின்றேன், அலுத்துப்போனது. இரண்டு நகலையும் காவல்காரரிடம் நீட்டி, உள்ளே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கறி மீ சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து உங்களிடம் ஒரு புராணம் படித்தேன். ஆபிசர் நாற்காலி போட்டார், கை கொடுத்தார், நம் கஷ்டத்தைக் கேட்டு அவர் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கையைத் திருகினீர்கள். "சாப்பு?"

"வீட்டுல பத்திரமா இருக்குக்கா."

நான் சொல்வதில் பாதியை நம்புவது உங்கள் வழக்கம். அன்று சாப்பு அந்தப் பாதியில் விழுந்துவிட்டது.

சில மாதம் கழித்துப் பழைய வைபி அதே மண்டபத்துக்கு வந்தார். நீங்கள் எழுந்து, கடிதம் கொடுத்தும் பதில் இல்லை என்றீர்கள். அவருடைய உதவியாளர், நம்ம ஆள்தான், கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்படி ஒரு சுராட்டே, கடுதாசியே வரலியே அக்கா. சும்மா சொல்லாதீங்க."

"சாப்பு போட்ட காப்பி இருக்கு," என்றீர்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, என்னைப் பார்த்தீர்கள். "தம்பி, போய் எடுத்துட்டு வா."

எழுந்து நடந்தேன். பாலத்தைத் தாண்டினேன். வீட்டில் தகரப்பெட்டியைத் திறந்து, அதில் இல்லாததைத் தேடினேன். துணியையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினேன், அக்கா. இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே. அந்தக் கரையில் கார்கள் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் வந்தபோது நீங்கள் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"கரையான் அரிச்சிருச்சுக்கா."

கையைத் திருகினீர்கள்.

"ஒரு ஓரமாத்தான் அரிச்சிருக்கு…"

மறுபடி திருகினீர்கள்.

"வாங்கலக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி. திங்கக்கெழம வேற எழுதுவோம். நீயே கொண்டு போ," என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை கடிதம்! எல்லாவற்றிலும் சாப்பு வாங்கினேன். எல்லாவற்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. ஆனால் அன்றிலிருந்து லயத்தில் உங்களுக்கு ஒரு பேர் ஒட்டிக்கொண்டது: கதை விடுகிற அக்கா. வாழ்நாளில் ஒரு சொல் கூட்டிச் சொல்லாத உங்களுக்கு! நான் பக்கத்திலேயே இருந்தேன். அது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இதோ, காரில் என்னைக் கூட்டிவந்த லோரி ராஜு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே எனக்குப் பாடம் எடுக்கிறான்.

"அண்ணே, பாலத்துல வச்சே அக்கா உயிரு போச்சுன்னு சொல்லுங்க. அப்பதான் எடுபடும்."

"ஆஸ்பத்திரியிலதானடா, ரெண்டு நாள் கழிச்சு?"

"யாரு பாக்கப் போறா? கதை சொல்றதுல உங்களை அடிக்க ஆளே இல்லன்னு தானே உங்களைப் பேச வைக்கிறோம்?"

அந்தக் காலையைப் பற்றிச் சொல்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த காலை. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நின்றது. பலகை இடைவெளியில் தள்ளுகட்டிலின் சக்கரம் இறங்கிவிட, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். நான் ஒருவனே தூக்கினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நான்கு பேர், அக்கா. நான் பிடித்தது நாற்காலியின் ஒரு கால். நடுப்பாலத்தில், வேர்த்துக் கொட்டும் முகத்தோடு என்னைப் பார்த்தீர்கள்.

"மணி என்னா?"

"பேசாதீங்கக்கா."

"மணி பாத்து எழுதி வை. கூட்டி எழுதாத."

ஒன்பது பத்துக்குச் சைரன் சத்தம் நின்றது. ஒன்பது முப்பத்தாறுக்கு வண்டிக் கதவு மூடியது. சிகரெட் பெட்டியின் உள்பக்கம் எழுதினேன். அந்தப் பெட்டி இந்தக் கைப்பையில்தான் இருக்கிறது. ராஜு காருக்குப் போய் ஹாரனை அடிக்கிறான். போய் வருகிறேன்.

*

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முடிக்கிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

அதிகாரி கோப்பைத் திறந்ததும் என்ன படித்தார் தெரியுமா? இந்தத் தோட்டத்தில் கொடுக்காத கடிதத்தைக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் உண்டு என்று, பழைய வைபி வந்த அன்றைக்கே யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் நம் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் அந்தக் குறிப்பு படுத்திருந்திருக்கிறது. ராஜு என் விலாவில் இடித்தான். "இப்ப சொல்லுங்கண்ணே, பாலத்துல செத்தாங்கன்னு."

எழுந்தேன். மைக் வேண்டாம் என்றேன்.

"அந்தப் பொய் என்னோடது. அக்கா கடிதம் எழுதினாங்க. சாப்பு வாங்கச் சொல்லி என்னை அனுப்பினாங்க. நான் வாங்கல. வாங்கினேன்னு அவங்ககிட்டச் சொன்னேன்."

மண்டபத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். "கெடுத்துட்டீங்களேண்ணே," என்று ராஜு பல்லைக் கடித்தான். நான் சிகரெட் பெட்டியை எடுத்து மணியைப் படித்தேன்.

"தாமதத்தால்தான் இறந்தாரா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

ஆமாம் என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது, அக்கா. கூட்டமே அதைத்தான் எதிர்பார்த்தது.

"டாக்டர் அப்படிச் சொல்லல. இருபத்தாறு நிமிஷம் காத்திருந்தாங்க. அதுதான் எனக்குத் தெரியும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். உங்கள் பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பழைய குறிப்பை அடித்துவிட்டு, நான் சொன்னதை அதன் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் அப்படியே எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"சாப்பு?" என்றேன். கையோடு கொண்டுவரவில்லையாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பாலத்தை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருவார்களா, தெரியாது. பத்துப் பேர் வருகிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பேர், அக்கா.

திங்கட்கிழமைக்குப் புதுக் கடிதம் எழுதியாகிவிட்டது. இரண்டு காப்பி. உங்கள் பையில்தான் வைத்திருக்கிறேன்.